சிரப்பும் ஆயின்மெண்ட்டும்: தயாரிப்புக் கேள்விகள், பதில்கள்

கேள்வி: சிம்பிள் சிரப்புக்கு (சர்க்கரையும் தண்ணீரும் மட்டும் கலந்த அடிப்படைச் சிரப்) சர்க்கரை 66.7% என்று ஒரு பார்மகோபியாவில் (மருந்துத் தரநூல்) இருக்கிறது, இன்னொன்றில் 85%. எதைப் பின்பற்றுவது, சார்?

பதில்: இரண்டும் வெவ்வேறு கணக்கு. பிரிட்டிஷ் பார்மகோபியா எடைக்கு எடை சொல்கிறது: 667 கிராம் சர்க்கரை, தண்ணீர் சேர்த்து மொத்தம் 1000 கிராம். அமெரிக்கப் பார்மகோபியாவில் 850 கிராம் சர்க்கரை, மொத்தம் 1000 மி.லி. அந்த 1000 மி.லி.யின் எடை சுமார் 1313 கிராம், அதில் தண்ணீர் 463 கிராம்தான். எடைக்கு எடை பார்த்தால் இது 64.7%. ஆக, உண்மையான இடைவெளி 2 புள்ளி.

அந்த 2 புள்ளியை அலட்சியப்படுத்த வேண்டாம். 25 டிகிரியில் தண்ணீர் தாங்கும் சர்க்கரை ஏறத்தாழ 67%. 66.7% சிரப் அந்த விளிம்பிலேயே இருப்பதால் சற்றுக் குளிர்ந்தாலும் படிகம் கட்டும். அதற்குப் பயந்து சர்க்கரையை வெகுவாகக் குறைத்தால் கிருமி வளர இடம் கொடுத்துவிடுவீர்கள். எந்தப் பார்மகோபியாவின் பெயரை லேபிளில் போடுகிறீர்களோ அதன் அளவையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மூடியில் சர்க்கரை இறுகித் திறக்க முடியவில்லை என்று புகார் வருகிறது.

பதில்: மூடியின் மரையில் ஒட்டிய மெல்லிய படலத்திலிருந்து தண்ணீர் ஆவியாகி, சர்க்கரை அங்கேயே உறைகிறது. சர்க்கரையில் ஒரு பகுதியைக் குறைத்து, 70% சார்பிட்டால் கரைசலை மொத்த அளவில் 10 முதல் 20% வரை சேர்த்துப் பாருங்கள். கிளிசரினும் உதவும்.

கேள்வி: பாட்டிலின் கழுத்துப் பகுதியில் மட்டும் பூஞ்சை. பாரபென் (கிருமி தடுக்கும் பொருள்) சரியான அளவில்தான் போட்டோம்.

பதில்: பெரும்பாலும் சூடாக நிரப்பி மூடியிருப்பீர்கள். ஆவி மேலெழுந்து, மூடியின் உட்புறம் குளிர்ந்து, துளியாகத் திரும்ப விழுகிறது. அந்தத் துளி சிரப்பின் மேல்பரப்பை மட்டும் நீர்க்கச் செய்கிறது. சர்க்கரையும் பாரபெனும் அங்கே மட்டும் குறைந்துபோவதால் பூஞ்சைக்கு வழி கிடைக்கிறது. சிரப் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே நிரப்புங்கள். கழுவிய பாட்டிலில் ஈரம் தங்கினாலும் இதே கதைதான்.

பாரபென் உண்மையிலேயே கரைந்ததா என்பதையும் பாருங்கள். வழக்கமான அளவு மெத்தில் பாரபென் 0.18%, புரோப்பில் பாரபென் 0.02%. இரண்டுமே குளிர்ந்த தண்ணீரில் மிகக் கொஞ்சமாகத்தான் கரையும். சர்க்கரை போடுவதற்கு முன், 80 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரில் கரைக்க வேண்டும். இல்லையென்றால் புரோபிலீன் கிளைக்காலில் கரைத்து ஊற்ற வேண்டும். சர்க்கரை கரைந்த பிறகு தூளாகத் தூவினால் மிதந்துகொண்டே இருந்து, ஃபில்டரில் போய் உட்காரும். பேட்ச் ரெக்கார்டில் 'சேர்க்கப்பட்டது' என்று இருக்கும், பாட்டிலில் இருக்காது. பார்முலாவில் பாலிசார்பேட் 80 (எண்ணெயைத் தண்ணீரோடு கலக்க உதவும் பொருள்) இருந்தால் அது பாரபெனைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் எடுங்கள். கிருமித் தடுப்புக்குச் சோடியம் பென்சோயேட் என்றால் பிஹெச் 4.5க்குக் கீழே இருப்பது நல்லது. 6க்கு மேல் போனால் அது இருந்தும் பயனில்லை.

கேள்வி: சிரப் பழுப்பாகிவிடுகிறது. சிட்ரிக் அமிலம் காரணமா?

பதில்: அமிலமும் சூடும் சேர்ந்தால் காரணம். சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைகிறது. இனிப்பு கூடும், நிறம் மாறும், சீக்கிரம் புளிக்கவும் செய்யும். சர்க்கரையை 80 டிகிரி அளவில் கரைத்து, வடிகட்டி, 40 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த பிறகு அமிலத்தையும் ஃபிளேவரையும் சேருங்கள்.

கேள்வி: வால்யூம் மேக்கப்பை (தண்ணீர் சேர்த்து மொத்த அளவை எட்டவைப்பது) சூட்டிலேயே செய்தால் நேரம் மிச்சமாகுமே?

பதில்: செய்யாதீர்கள். 70 டிகிரியில் 1000 லிட்டர் என்று நிறுத்தினால், 25 டிகிரிக்கு வரும்போது ஏறத்தாழ 20 லிட்டர் சுருங்கியிருக்கும். மருந்து அப்படியே இருக்கிறது, கனஅளவு குறைந்திருக்கிறது. அஸ்ஸே (மருந்தின் அளவைக் காட்டும் சோதனை முடிவு) மேலே போகும். கலக்கும்போது உள்ளே போன காற்றுக்குமிழியும் அளவை ஏமாற்றும். ஸ்டிரரை நிறுத்தி, குமிழி அடங்கிய பிறகு அளவு பாருங்கள். தொட்டியில் லோட் செல் (எடை காட்டும் கருவி) இருந்தால் அடர்த்தியை அளந்து எடையில் முடிப்பது இன்னும் நம்பகம்.

கேள்வி: கிளிசரினுக்கு சப்ளையரின் அனாலிசிஸ் சான்றிதழ் இருக்கிறது. ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸும் (ஒளிவிலகல் எண்) அடர்த்தியும் நாங்கள் பார்க்கிறோம். போதாதா?

பதில்: போதாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்ற கிருமிக்கொல்லியின் எலிக்ஸிருக்கு (இனிப்பான திரவ மருந்து) கரைப்பானாக டைஎத்திலீன் கிளைக்காலைப் பயன்படுத்தினார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் குழந்தைகள். 1938இல் அங்கே மருந்துச் சட்டமே மாறியது. அதன் பிறகும் இது நிற்கவில்லை. 2022இல் காம்பியாவில் சிறுநீரகம் பழுதாகிக் குழந்தைகள் இறந்தபோதும், மாசுபட்ட சிரப்புகளில் டைஎத்திலீன் கிளைக்காலும் எத்திலீன் கிளைக்காலும் இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் எச்சரித்தது.

இந்த இரண்டும் கிளிசரினைப் போலவே நிறமற்றவை, இனிப்பானவை, தண்ணீரோடு கலப்பவை. எத்திலீன் கிளைக்காலின் ரிஃப்ராக்டிவ் இண்டெக்ஸ் 1.432, புரோபிலீன் கிளைக்காலுக்கும் அதேதான். அந்தக் கருவியால் எத்திலீன் கிளைக்காலையும் புரோபிலீன் கிளைக்காலையும் பிரித்தறிய முடியாது. கேஸ் குரோமட்டோகிராஃபியில் (கலவையைப் பிரித்து அளக்கும் முறை) பாருங்கள். டைஎத்திலீன் கிளைக்கால், எத்திலீன் கிளைக்கால் இரண்டுக்கும் வரம்பு தனித்தனியே 0.10%. ஒரு லாட்டுக்கு ஒரு சாம்பிள் எடுத்தால் போதாது, ஒவ்வொரு டிரம்மையும் திறந்து சோதிக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் ஒரே ஒரு டிரம் மாற்றி லேபிள் ஒட்டப்பட்டிருக்கலாம். கிளிசரின், புரோபிலீன் கிளைக்கால், சார்பிட்டால் கரைசல், பாலிஎத்திலீன் கிளைக்கால் எல்லாவற்றுக்கும் இந்தச் சோதனை பொருந்தும். ரிப்போர்ட் வரும்வரை டிரம் குவாரண்டைனிலேயே இருக்கட்டும். உற்பத்தி ஒரு நாள் தள்ளிப்போகிறது என்றால் தள்ளிப்போகட்டும்.

கேள்வி: பாராசிட்டமால் 125 மி.கி./5 மி.லி. சிரப்பில் குளிர்காலத்தில் அடியில் வெள்ளைப் படிகம்.

பதில்: 1 கிராம் பாராசிட்டமால் கரைய அறை வெப்பத்தில் சுமார் 70 மி.லி. தண்ணீர் வேண்டும். அதாவது 5 மி.லி.யில் சுமார் 70 மி.கி.தான் தானாகக் கரையும். மீதியைத் தாங்குவது புரோபிலீன் கிளைக்கால், கிளிசரின், பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்றவை. அவற்றின் விகிதம் போதவில்லை. மாற்றிய பேட்சை ஃபிரிட்ஜில் சில வாரம் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். பிஹெச் 6 அருகில் இருக்கட்டும், அங்கேதான் பாராசிட்டமால் மிக மெதுவாகச் சிதைகிறது.

250 மி.கி./5 மி.லி.க்கு இந்த வழியில் போக வேண்டாம், சஸ்பென்ஷன் (மருந்தைக் கரைக்காமல் தூளாக மிதக்கவிடுவது)தான் சரி. மருந்துத் தூள் அடியில் தங்காமல் தாங்கும் சாந்தன் கம்மை நேராகத் தண்ணீரில் கொட்டினால் வெளியே வழுவழுப்பும் உள்ளே உலர்ந்த தூளுமாக உருண்டை கட்டும். முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு சுழலும் தண்ணீரில் விடுங்கள்.

கேள்வி: ஆயின்மெண்ட் நறநறவென்று இருக்கிறது.

பதில்: மெழுகா, பவுடரா என்று முதலில் பாருங்கள். கண்ணாடித் தட்டில் சிறிது தேய்த்து இளஞ்சூடு காட்டுங்கள். மணி மறைந்தால் மெழுகு, நின்றால் பவுடர்.

மெழுகு என்றால் குளிர்வித்ததில் பிழை. உதாரணமாக, பிரிட்டிஷ் சிம்பிள் ஆயின்மெண்ட்: வுல் ஃபேட் 50, ஹார்ட் பாரஃபின் 50, சீட்டோஸ்டியரில் ஆல்கஹால் 50, சாஃப்ட் பாரஃபின் 850 கிராம். உருகுநிலை அதிகமானதை முதலில் உருக்கி, மற்றவற்றை அதில் சேர்க்க வேண்டும். அப்படிச் செய்தால் மென்மையான பொருள்கள் தேவைக்கு மேல் சூடாகாது. இறுகும்வரை கலக்குவதை நிறுத்தக் கூடாது. பாத்திரத்தைச் சுற்றிய ஜாக்கெட்டில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் விட்டால் சுவரோரம் சீட்டோஸ்டியரில் ஆல்கஹாலும் ஹார்ட் பாரஃபினும் முதலில் உறைந்து மணியாகும். வேகமாகக் கலக்கினால் காற்று புகும். ஆகவே மெதுவாக, சுவரை வழிக்கும் ஸ்டிரரால்.

பவுடர் என்றால் சலித்து, லிக்விட் பாரஃபின் சிறிதளவில் பசையாக அரைத்து, பிறகே பேஸில் (மருந்தைத் தாங்கும் கொழுப்புக் கலவை) சேருங்கள். ஜிங்க் ஆக்சைடு போன்றவற்றுக்கு டிரிபிள் ரோலர் மில் கைகொடுக்கும்.

கேள்வி: சாலிசிலிக் அமில ஆயின்மெண்ட் இளஞ்சிவப்பாகிறது.

பதில்: இரும்பு பட்டிருக்கிறது. ஸ்பேட்டுலா, சல்லடை, தேய்ந்த ஸ்டிரர் எல்லாவற்றையும் பாருங்கள். பிளாஸ்டிக் அல்லது பீங்கான் போதும்.

கேள்வி: பீட்டாமெத்தசோன் வேலரேட் (ஒரு ஸ்டீராய்டு) ஆயின்மெண்ட்டை எமல்சிஃபையிங் ஆயின்மெண்ட்டில் பாதியாக நீர்க்கச் செய்து தரச் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். இந்த மருந்தில் வேலரேட் 17ஆம் இடத்தில் ஒட்டியிருக்கிறது; பொருந்தாத பேஸில் அது 21ஆம் இடத்துக்கு நகர்ந்து 21-வேலரேட்டாக மாறும். அதன் வீரியம் மிகக் குறைவு. அஸ்ஸே முறை இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் மருந்து இருப்பது போலவே தெரியும். தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் பேஸ் இருந்தால் மட்டும் செய்யுங்கள். இல்லையென்றால் குறைந்த வீரியமுள்ள ஸ்டீராய்டை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி: ட்யூபின் மடிப்பில் கசிவு. சோதனை முறை என்ன?

பதில்: அமெரிக்கப் பார்மகோபியா முறை: 10 ட்யூபுகளை நன்றாகத் துடைத்து, ப்ளாட்டிங் பேப்பர் மேல் படுக்கவைத்து, 60 டிகிரி அவனில் 8 மணி நேரம். ஒன்றும் கசியக் கூடாது. ஒன்று மட்டும் கசிந்தால் இன்னும் 20 ட்யூபுகளைச் சோதிக்க வேண்டும், மொத்தம் 30இல் கசிவது ஒன்றுக்கு மேல் போகக் கூடாது. கசிவுக்கு முதலில் பார்க்க வேண்டியது நாசில் (நிரப்பும் குழல்முனை): நிரப்பி முடித்ததும் ஆயின்மெண்ட் வால் போல இழுபட்டு மடிப்பில் பூசிக்கொண்டால் எவ்வளவு இறுக்கினாலும் மடிப்பு பிடிக்காது. நிரப்பும் வெப்பத்தைச் சற்றுக் குறைத்து, நாசிலின் கட்-ஆஃபைச் சரிசெய்யுங்கள்.