சட்டம் கேளுங்கள்: குப்பைப் புகையும் மொட்டைமாடி அடுப்பும்

கேள்வி: எங்கள் குடியிருப்பை ஒட்டிய காலி மனையில் சருகையும் பிளாஸ்டிக்கையும் எரிக்கிறார்கள், மேல்வீட்டாரோ மொட்டைமாடியில் கரி அடுப்பு மூட்டிக் கோழி சுடுகிறார்கள். இரண்டுக்கும் தடை உண்டா?
- வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டும் ஒன்றல்ல. திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரிலேயே நாடு முழுவதும் தடை விதித்து, சிறிய அளவில் எரித்தால் 5,000 ரூபாயும் பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்க உத்தரவிட்டிருப்பதால், மாநகராட்சியில் புகைப்படத்துடன் எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கரி அடுப்பில் சமைப்பது மட்டுமே குற்றமாகிவிடாது. ஆனால், உயிருக்கு ஆபத்து நேரும்படி நெருப்பை அஜாக்கிரதையாகக் கையாண்டால், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். செங்கோட்டைக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் காற்று வீசும்போது மாடியில் தணல் மூட்டுவதை, கோழி எவ்வளவு ருசியாக இருந்தாலும், அஜாக்கிரதை என்றே சொல்வேன்.