சுரங்கத் தீயில் நெருப்பைவிடப் புகை அதிகம் பேரைக் கொல்வது ஏன்?

நச்சுப்புகை என்பது பொருள் எரியும்போது வெளிவரும், உயிரைப் பறிக்கும் வாயுக்களின் கலவை.

தென்னாப்பிரிக்காவின் கின்ராஸ் தங்கச் சுரங்கத்தில் 1986 செப்டம்பர் 16 அன்று வெல்டிங் வேலையில் தீப்பிடித்தது. கேபிள் உறையும், சுவரில் பூசியிருந்த பாலியூரித்தேன் நுரையும் எரிந்தன. 177 பேர் இறந்தார்கள். பெரும்பாலோரைக் கொன்றது புகைதான்.

இந்த நுரை நம் மெத்தைக்குள் இருக்கும் ஸ்பாஞ்சின் இனம். உள்ளே காற்றறைகள் நிறைய இருப்பதால் தீ சுவரோடு சரசரவென ஓடும். எரியும்போது கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் வரும். முன்னது ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பின்னது, வந்து சேர்ந்த ஆக்சிஜனையும் உடலின் செல்கள் பயன்படுத்த விடாது. இரண்டும் சேர்ந்தால் சில நிமிடங்களே போதும்.

அடுப்பில் மிளகாய் கருகினால் வீடே இருமும், ஆனால் ஜன்னலைத் திறந்துவிடலாம். சுரங்கத்தில் ஜன்னல் ஏது? ஆட்கள் மூச்சுவிடுவதற்காக உள்ளே செலுத்தும் காற்றே புகையைத் தொலைவில் இருப்பவர்களிடம் கொண்டுபோகிறது. இப்படிப்பட்ட இடத்தில் எளிதில் எரியும் பொருளைப் பூசவே கூடாது.

ஈரத்துணியால் மூக்கை மூடினால் தப்பிக்கலாம் என்று பலர் நம்புகிறார்கள்; துணி கரித்தூளை ஓரளவு தடுக்கும், கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது, அதற்கென்றே செய்த சுவாசக் கருவி வேண்டும்.