கலஞ்சோ ஏன் மறுபடி பூக்கவில்லை?

கேள்வி: போன பொங்கலுக்கு நர்சரியில் ஆரஞ்சுப் பூக்களோடு ஒரு குட்டிக் கலஞ்சோ வாங்கினேன். பூ வாடியதிலிருந்து வெறும் இலைதான். ஹாலில் டிவி பக்கத்தில் வைத்து, உரமும் போட்டு வருகிறேன். என்ன குறை? (வாசகி, திருச்சி)

பதில்: முதலில் உரத்தை நிறுத்துங்கள். இலை தளதளவென்று இருந்தால் சாப்பாட்டில் குறையில்லை, அதற்கு வேண்டியது இருட்டு. மடகாஸ்கரைச் சேர்ந்த இந்தச் செடியை 1930களில் ஐரோப்பாவில் பரப்பியவர் ஜெர்மனியின் பாட்ஸ்டாம் நகரத்துச் செடி வியாபாரி ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட், அவர் பெயரைத்தான் இதன் தாவரவியல் பெயரில் சேர்த்திருக்கிறார்கள். பகல் குறைந்து இரவு நீண்டால்தான் மொட்டு விடும் சாதி இது. உங்கள் ஹாலில் ராத்திரி பதினோரு மணி வரை டியூப்லைட் எரியும், அப்படியிருக்க செடிக்கு இரவு எங்கே வந்தது? நடு இரவில் சில நிமிடம் விளக்கைப் போட்டாலே கணக்குக் கெட்டுவிடும்.

காய்ந்த பூந்தண்டுகளைக் கிள்ளிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழுக்கு எடுங்கள். ஆறு வாரம், ஒரு நாள்கூட விடாமல். பகலில் ஜன்னலோர வெளிச்சம் நன்றாகப் படவேண்டும். நடுவில் பச்சை மணிகள் போல மொட்டு தெரிந்ததும் பெட்டி வேண்டாம். இவ்வளவு சிரமம் வேண்டாமென்றால், தெருவிளக்கு படாத பால்கனியில் ஐப்பசியிலிருந்து விட்டுவிடுங்கள், குளிர்காலத்து நீண்ட இரவுகளிலேயே அது பூக்கக்கூடும்.

கேள்வி: அடித்தண்டு கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டது. காப்பாற்ற முடியுமா? (வாசகர், மதுரை)

பதில்: தண்ணீர் அதிகம், வேறொன்றுமில்லை. நர்சரியில் பெரும்பாலும் தென்னைநார்க் கழிவிலேயே வைத்துத் தருகிறார்கள், அது மேலே காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். அழுகாத நுனியை நான்கு இலையோடு வெட்டி, வெட்டுவாய் காயும்வரை ஓரிரு நாள் நிழலில் போட்டு, அப்புறம் பாதிக்குப் பாதி மணல் கலந்த செம்மண்ணில் நடுங்கள். தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். இலையைக் கிள்ளி மண்ணில் போட்டால் ரணகள்ளி போல ஓரத்தில் குட்டி போடும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டும் ஒரே பேரினம்தான், ஆனால் அந்தக் குணம் இதற்கு இல்லை. கல்லடைப்புக்கு ரணகள்ளி தின்பவர்கள் இதையும் வாயில் போட்டுவிட வேண்டாம், தயவுசெய்து.

கேள்வி: வீட்டில் பூனை இருக்கிறது. வைக்கலாமா? (வாசகி, கோவை)

பதில்: பூனைக்கு எட்டும் இடத்தில் கூடவே கூடாது. இதயத்தைத் தாக்கும் நச்சுப்பொருள் இதில் இருக்கிறது, நாய்க்கும் மாட்டுக்கும்கூட ஆகாது, கழித்த தண்டு, பூவைக்கூட மாட்டுத்தொட்டியில் போடாதீர்கள். பூனை கடித்துவிட்டது தெரிந்தால் வாந்தி எடுக்கட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காமல், செடியில் ஒரு கிளையையும் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் போங்கள்.