காலிக் கட்டடத்தில் காவலுக்குக் குடியேறலாமா?

கேள்வி: லண்டனில் தனியாக வசிக்கிறேன். சம்பளத்தில் பாதி அறை வாடகைக்கே போய்விடுகிறது. மூடப்பட்ட முதியோர் இல்லம் ஒன்றில் 'பிராப்பர்ட்டி கார்டியன்' ஆகத் தங்கினால் செலவு வெகுவாகக் குறையும் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பிப் போகலாமா?

பதில்: போகலாம். ஆனால் வாடகை வீட்டுக்குப் போகிறோம் என்று எண்ணிப் போகாதீர்கள். காலிக் கட்டடத்தில் வேறு யாரும் புகுந்துவிடாமல் இருக்க ஆள்களைக் குடியேற்றும் இந்த வழக்கம் நெதர்லாந்தில் வேரூன்றி, பிரிட்டனுக்கு வந்தது. காவல் காப்பதும் நீங்கள், அதற்குப் பணம் கட்டுவதும் நீங்கள். வாடகை இவ்வளவு ஏறியிராவிட்டால் இதற்கு யார் சம்மதிப்பார்கள்?

உங்களிடம் கையெழுத்து வாங்குவது பெரும்பாலும் வாடகை ஒப்பந்தத்தில் அல்ல, லைசென்ஸில்; அதாவது, வாடகைதாரர் உரிமை தராமல் தங்க மட்டும் அனுமதிக்கும் ஒப்பந்தத்தில். சிக்கல் எல்லாம் இங்கேதான். வாடகைதாரரின் முன்பணத்தை 30 நாள்களுக்குள் அங்கீகரிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்ற சட்டம் லைசென்ஸுக்குப் பொருந்தாது. விருந்தினர் தங்கக் கூடாது, சொல்லாமல் சில இரவுகள் வெளியூர் போகக் கூடாது என்றெல்லாம் விதிகள் இருக்கும். பிரிஸ்டலில் 2017இல் ஒரு கார்டியன் தன்னை வாடகைதாரர் என்று நீதிமன்றத்தில் நிறுவினார். 2018இல் வேறொரு வழக்கில் உயர் நீதிமன்றம் அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது. எனவே வழக்கை நம்பிக் குடியேறாதீர்கள்.

அதற்காக உங்களுக்கு உரிமையே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பவும் வேண்டாம். வெளியேற்றுவதற்கு எழுத்தில் குறைந்தது 4 வார அறிவிப்பு தர வேண்டும். அதன் பிறகும் நீங்கள் போகாவிட்டால் நீதிமன்ற உத்தரவு வேண்டும். பூட்டை மாற்றிப் பெட்டியைத் தெருவில் வைக்க முடியாது. இது 1977ஆம் ஆண்டுச் சட்டம் தரும் பாதுகாப்பு. ஆனால் 4 வாரத்தில் லண்டனில் வேறு இடம் கிடைப்பது கடினம். ஆகவே மிச்சமாகும் பணத்தில் முதலில் ஒரு மாத வாடகையும் முன்பணமும் தனியே சேருங்கள். அது சேரும் வரை கட்டில், அலமாரி என்று எதையும் வாங்க வேண்டாம்.

கட்டடத்தை நேரில் பாருங்கள். வெந்நீர் வருகிறதா, புகை எச்சரிக்கைக் கருவி வேலை செய்கிறதா, எத்தனை பேருக்கு ஒரு சமையலறை? வெவ்வேறு குடும்பங்களைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ சமையலறை, குளியலறையைப் பகிர்ந்தால், பொதுவாகக் கட்டடத்தை நடத்துபவருக்கு எச்.எம்.ஓ. உரிமம் (பல குடும்பத்தார் பகிர்ந்து வசிக்கும் வீட்டுக்கான கவுன்சில் அனுமதி) தேவை. கார்டியன்கள் தங்கும் கட்டடத்துக்கும் அது பொருந்தும் என்பதை 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. உரிமம் இல்லையென்றால், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உரிமம் பெற்ற கட்டடங்களின் பட்டியல் உள்ளூர் கவுன்சிலிடம் உண்டு. கையெழுத்திடும் முன் முகவரியைச் சொல்லிக் கேளுங்கள்.