காயலான் கடைத் தோட்டாவுக்குச் சொந்த ஊர் எது?

தோட்டா உறைகளைப் பற்றிக் கேட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வடசென்னையிலிருந்து. ஆச்சரியமில்லை, பழைய பித்தளை போய்ச் சேரும் இடம் அதுதானே. ஒரே ஒரு குறை. எல்லோரும் தோட்டாவைப் படுக்கவைத்துப் படம் எடுக்கிறீர்கள். அது பிறந்த ஊரும் வருடமும் இருப்பது அடித்தட்டில். அதைக் காட்டுங்கள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் காயலான் கடை வைத்திருக்கிறேன். பித்தளையோடு மூன்று காலித் தோட்டாக்கள் வந்தன. அடியில் கே, எஃப், நடுவே கோழிக்கால் மாதிரி மூன்று கோடு, 43, ரோமன் எழுத்தில் ஏழு. வெளிநாட்டுச் சரக்கா?

நம்மூர்ச் சரக்குதான். புனேவை ஒட்டிய கட்கியை ஆங்கிலேயர் கிர்க்கி என்றார்கள். கே எஃப் என்றால் கிர்க்கி ஃபேக்டரி. 1869இல் தொடங்கிய அந்த வெடிமருந்து ஆலை இன்றும் ஓடுகிறது. நீங்கள் கோழிக்கால் என்பது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துக்குப் போடும் அம்பு முத்திரை. 43 என்பது 1943. ஏழு என்பது 303 ரைஃபிளுக்கு 1910இல் வந்த ‘மார்க் 7’ தோட்டா.

இதே 303 பல நாடுகளில் தயாரானது. ஆர் எல் என்றிருந்தால் லண்டனின் வுல்விச், ஆர் ஜி என்றால் இங்கிலாந்தின் ராட்வே கிரீன், டி ஐ என்றால் கனடா, எம் எஃப் என்றால் ஆஸ்திரேலியா. ஏழுக்குப் பக்கத்தில் இசட் இருந்தால் உள்ளே இருந்தது கார்டைட் என்ற வழக்கமான மருந்து இல்லை, நைட்ரோசெல்லுலோஸ் மருந்து.

அடியின் நடுவில், துப்பாக்கி ஊசி குத்தும் சின்ன வட்டம்தான் ப்ரைமர். அதைச் சுற்றி மெல்லிய வண்ண வளையம் தெரிகிறதா பாருங்கள். ஊதா என்றால் சாதாரணக் குண்டு, பச்சை என்றால் கவசம் துளைப்பது, சிவப்பு என்றால் வெளிச்சக் கோடு விட்டுப் போகும் ட்ரேசர், நீலம் என்றால் தீ வைப்பது. புளி போட்டுத் தேய்த்துவிட்டால் முதலில் போவது இந்த வண்ணம்தான். தயவுசெய்து தேய்க்காதீர்கள்.

இன்னொன்று. 43 என்று இருப்பதால் உலகப்போரில் சுட்டது என்று விலை ஏற்றிவிடாதீர்கள். அது செய்த வருடம், சுட்ட வருடம் இல்லை. 303 ரைஃபிள் நம் போலீஸ்காரர் தோளில் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் தொங்கியது.

புளியந்தோப்பிலிருந்து: என்னிடமும் கே எஃப் இருக்கிறது. ஆனால் கழுத்து ஒடுங்காமல் நேராகக் குழாய் மாதிரி இருக்கிறது. யாராவது வெட்டியதா?

யாரும் வெட்டவில்லை. அது போலீஸ் வைத்திருந்த 410 மஸ்கட் துப்பாக்கியின் தோட்டாவாக இருக்கவேண்டும். 303 உறையையே கழுத்து ஒடுக்காமல் விட்டுச் செய்தது.

ராயபுரம் எங்கள் வீட்டில் பித்தளைப் பூச்சாடி ஒன்று இருக்கிறது. எம்டன் கப்பல் போட்ட குண்டு என்று தாத்தா சொல்வார். அடியில் 18, பி ஆர், 1916, அம்பு முத்திரை. ஜெர்மன்காரன் எழுத்துதானே?

மன்னியுங்கள், தாத்தா சொன்னதை மறுக்கவேண்டியிருக்கிறது. எம்டன் மெட்ராசைச் சுட்டது 1914 செப்டம்பர் 22 இரவு. உங்கள் சாடி செய்யப்பட்டது 1916இல். அம்பு முத்திரை பிரிட்டிஷாருடையது. ‘18 பி ஆர்’ என்றால் 18 பவுண்டர், அவர்களுடைய தரைப்படைப் பீரங்கி.

வருடத்தை விடுங்கள். எம்டனின் 10.5 சென்டிமீட்டர் பீரங்கியைச் சுட்டால் பித்தளை உறை கப்பலிலேயே விழும். கரைக்கு வருவது இரும்புக் குண்டு மட்டும். துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்தியது அந்தக் குண்டுகள்தான். ஆகவே சென்னையில் யார் பித்தளை உறையைக் காட்டி எம்டன் என்றாலும் நான் நம்புவதில்லை. துருப்பிடித்த இரும்புச் சில் என்றால் உட்கார்ந்து பேசலாம்.

போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள் இப்படிப்பட்ட உறைகளைச் சாடியாகவும் சாம்பல் கிண்ணமாகவும் மாற்றிக் கொண்டுவந்தார்கள். உங்கள் குடும்பத்தில் யாராவது பட்டாளத்தில் இருந்தார்களா என்று விசாரியுங்கள். எம்டன் கதையைவிட நல்ல கதை கிடைக்கலாம்.

வியாசர்பாடி பி.வி. காலனியிலிருந்து: பர்மாவிலிருந்து வந்தபோது பெரியப்பா கொண்டுவந்த உறை இது. அடியில் ஒன்றுமே இல்லை. தேய்ந்துவிட்டதா?

தேயவில்லை, போட்டிருக்கவே மாட்டார்கள். ஜப்பான் தரைப்படை ரைஃபிள் தோட்டாக்களின் அடி பெரும்பாலும் மொட்டைதான், விவரமெல்லாம் பெட்டியில் இருக்கும். ஒரு ஸ்கேல் எடுத்து நீளத்தை அளங்கள். 58 மில்லிமீட்டர் இருந்து, அடியில் விளிம்பு வெளியே நீட்டாமல் இருந்தால் அரிசாக்கா என்ற ஜப்பான் ரைஃபிளின் 7.7 மில்லிமீட்டர் தோட்டா. 50 அளவில் இருந்து, விளிம்பு லேசாக மட்டும் நீட்டினால் பழைய 6.5 மில்லிமீட்டர் தோட்டா. கழுத்தில் இளஞ்சிவப்பு அரக்கு ஒட்டியிருந்தால் சாதாரணக் குண்டு. விளிம்பு நன்றாக நீட்டி, 56 இருந்தால் மட்டும் திரும்ப எழுதுங்கள். ஜப்பான் கடற்படை நம் 303ஐ அப்படியே பார்த்துச் செய்தது, குழப்பம் அங்கேதான். பர்மா, பெரியப்பா, மொட்டை அடி மூன்றும் சேர்வதால் எனக்கு ஜப்பான் என்றே படுகிறது.

திருவொற்றியூர். நண்பன் வெளிநாட்டிலிருந்து வாங்கிவந்த சாவிக்கொத்தில் ஒரு காலித் தோட்டா. மேலே 270, கீழே 74. வேறு எழுத்தே இல்லை.

எழுத்தே இல்லாமல் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்றால் சோவியத் வழக்கம். மேலே ஆலை, கீழே வருடம். 270 என்பது உக்ரைனின் லுகான்ஸ்க் ஆலை. 17 என்றால் பர்னவுல், 539 என்றால் தூலா, 60 என்றால் இன்றைய கிர்கிஸ்தானின் பிஷ்கெக். சீனாவும் இதே பாணியில் எண் போட்டதால் எண்ணை நன்றாகப் பார்த்துவிட்டே ஊர் சொல்லவேண்டும். காந்தம் வைத்துப் பாருங்கள். ஏகே-47 தோட்டாவாக இருந்தால் உறை பெரும்பாலும் இரும்பு, ஒட்டும்.

இது ‘ரஷ்யா சுட்டது’ ஆகிவிடாது. சோவியத் தோட்டா போகாத கண்டம் குறைவு. அப்புறம், அந்தச் சாவிக்கொத்தோடு விமான நிலையத்துக்குப் போகாதீர்கள். காலி உறைதான் என்று ஸ்கேனர் முன்னால் நின்று விளக்கிக்கொண்டிருப்பதற்குள் விமானம் போய்விடும்.

காசிமேடு. வலையில் பச்சை பிடித்த தோட்டா ஒன்று வந்தது, முனையில் குண்டும் இருக்கிறது. அடியைத் தேய்த்தால் எழுத்து தெரியுமா?

தேய்க்கவே வேண்டாம். குண்டு இருந்தால் உள்ளே மருந்தும் இருக்கும். அடியில் ஊசி குத்திய பள்ளம் இருந்தாலும் நிம்மதி அடையாதீர்கள், குத்தியும் வெடிக்காமல் போனது என்றுதான் அதற்கு அர்த்தம். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஆயுதச் சட்டமும் பாயும். வெயிலில் வைக்காமல், பிள்ளைகளை அண்டவிடாமல், 112க்குக் கூப்பிடுங்கள். எழுத்தைப் போலீஸ்காரர்கள் படித்துக்கொள்வார்கள்.