மணலில் படுத்து எடுத்த படங்கள்: பாலைவன ஓணான்கள் பற்றிக் கேள்வி பதில்

ஷார்ஜாவில் கணக்கு எழுதுவது பிழைப்பு. லீவு நாளில் மணலில் குப்புறப் படுத்து ஓணான், பல்லி, அரணை என்று படம் எடுப்பது பைத்தியம். என் படங்களைப் பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகளில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, அபுதாபியில் இருக்கிறேன். முதல்முறை போகப்போகிறேன். எதில் தொடங்கலாம்?

தப்-பில் தொடங்குங்கள். அரபிகள் அப்படித்தான் சொல்வார்கள். நமக்கு முள்வால் ஓணான். 70 செ.மீ. வரை வளரும், பெரும்பாலும் இலை தழைதான் தின்னும். முக்கியமான விஷயம், அதற்கு வீடு உண்டு. எங்கே ஓடினாலும் தன் பொந்துக்குத்தான் திரும்பும். நீங்கள் தேடி அலைய வேண்டாம்.

விடிந்து வெயில் ஏறும்போது வெளியே வரும். அப்போது உடம்பு கரிய நிறத்தில் இருக்கும், சூட்டை இழுக்க அதுதான் வசதி. உடம்பு சூடானதும் மெல்ல வெளுத்து மஞ்சளாகும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு வேறு ஓணான்களை எடுத்தது போலப் படம் கிடைக்கும்.

மூக்கைச் சுற்றி வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கும். தூசி இல்லை, உப்பு. உடம்பில் மிஞ்சும் உப்பை மூக்கு வழியாக வெளியேற்றுகிறது. தண்ணீரை மிச்சம் பிடிக்க அதற்குத் தெரிந்த வழி. ஒருவர் அதை எடிட்டிங்கில் சுத்தமாகத் துடைத்துவிட்டு என்னிடம் காட்டினார். பாலைவனத்தையே துடைத்தது போல இருந்தது எனக்கு.

நான் இரண்டு எட்டு வைத்தாலே பொந்துக்குள் போய்விடுகிறதே. எவ்வளவு பக்கத்தில் போகலாம்?

போகவே வேண்டாம், அதுதான் பதில். அது உள்ளே போன பிறகு பொந்திலிருந்து பதினைந்து இருபது மீட்டர் தள்ளி, சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் வருகிற மாதிரி படுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிழல் பொந்து வாசலில் விழக் கூடாது. கார் போகிற தரை என்றால் காரிலேயே இருங்கள். மனித உருவத்துக்குப் பயப்படுகிற அளவுக்கு நிற்கிற காருக்கு அது பயப்படுவதில்லை.

ஒரு ஏப்ரல் காலையில் நான் காத்திருந்த கதை: முதல் இருபது நிமிடம் வெறும் ஓட்டை. அப்புறம் ஓட்டைக்குள் இருட்டு கொஞ்சம் தடித்தது. மூக்கு தெரிந்தது. மறுபடி ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு தலை, முன்கால், கழுத்து மடிப்பில் ஒட்டியிருந்த மணல். வாசலில் வயிற்றைத் தரையோடு பரப்பிப் படுத்தது. நானும் அதே மாதிரிதான் படுத்திருந்தேன். இரண்டு பேரும் அரை மணி நேரம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். அன்று எடுத்த படம்தான் இன்று என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

என்னிடம் 70–300 லென்ஸ்தான் இருக்கிறது. போதுமா சார்? தூரத்திலிருந்து எடுத்தால் படம் கலங்கலாக வருகிறது.

300 தாராளம். கலங்கலுக்கு லென்ஸைத் திட்டாதீர்கள். மணல் சூடேறியதும் மேலே காற்று நெளியும், கானல் தெரிவது போல. பத்தாயிரம் திர்ஹாம் லென்ஸ் போட்டாலும் அந்த நெளிவு படத்தில் விழும். வெயில் காலத்தில் ஒன்பது மணிக்குள் மூட்டை கட்டிவிடுங்கள். இல்லையென்றால் தூரத்தைக் குறைத்துச் சின்ன ஓணான்களை எடுக்க வேண்டியதுதான்.

இன்னொன்று: வெளிர் மணலைக் கேமரா ஏமாந்து சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, முக்கால் ஸ்டாப், ஒரு ஸ்டாப் ஏற்றி வையுங்கள். மணல்மேட்டில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். நான் ஒரு தடவை மாற்றினேன்; சென்சாரில் மணல் போய், சர்வீஸுக்குக் கொடுத்த காசில் ஊருக்கு ஒரு டிக்கெட் போட்டிருக்கலாம்.

சின்ன ஓணான் ஒன்று வாலைச் சுருட்டிச் சுருட்டிக் காட்டிவிட்டு மணலுக்குள் மறைந்துவிட்டது. அது என்ன? எப்படி எடுப்பது?

அரேபியத் தேரைத்தலை ஓணான். உள்ளங்கைக்குள் அடங்கும். வால் நுனி கறுப்பு. அதை முதுகுக்கு மேலே சுருட்டிக் காட்டுவது இன்னொரு ஓணானுக்குச் சொல்கிற சேதி. தூரத்திலிருந்து பார்த்தால் மணலில் கறுப்புப் புள்ளி ஒன்று தோன்றித் தோன்றி மறையும், அவ்வளவுதான்.

பயந்துவிட்டால் உடம்பைப் பக்கவாட்டில் படபடவென்று அதிரவைக்கும். குழி தோண்டாது, நின்ற இடத்திலேயே, கண்ணெதிரே மூழ்கும். ஒன்றிரண்டு விநாடிதான். ஷட்டர் வேகம் 1/1000 விநாடியை விட மெதுவாக இருந்தால் வெறும் தூசிப் படம்தான் கிடைக்கும். ஆனால் எனக்கு அந்தப் படபடப்பை விட அது முடிந்த பிறகு வருகிற படம்தான் பிடிக்கும். மணல் பரப்பில் இரண்டு கண்கள், கொஞ்சம் நெற்றி, வேறு எதுவும் இல்லை. பார்க்கிறவர் முதலில் காலி மணல் என்று நினைத்து நகர்வார், அப்புறம் திரும்பி வருவார்.

ஆரம்பத்தில் நான் இதைத் துரத்தியிருக்கிறேன். நாலைந்து தடவை ஓடவிட்ட பிறகு வாயைத் திறந்துகொண்டு அசையாமல் நின்றது. நல்ல போஸ் என்று எடுத்தேன். அது போஸ் இல்லை, சூட்டில் தவித்திருக்கிறது என்று பிற்பாடுதான் புரிந்தது. அந்தப் படத்தை யாருக்கும் காட்டுவதில்லை.

மணலில் நீந்தும் அரணையை எடுக்க முடியுமா?

மேலே இருக்கும்போது முடியும். உள்ளே நீந்துவதை எடுக்க எக்ஸ்ரே வேண்டும்! 2009-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் அப்படித்தான் பார்த்தார்கள். கால்களை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு பாம்பு மாதிரி வளைந்து போகிறதாம். நமக்கு வழவழப்பான செதிலும் மண்வெட்டி மூக்கும் போதும்.

புற ஊதா டார்ச் அடித்தால் பாலைவனப் பல்லி பச்சையாக ஒளிர்கிறதாமே? இங்கே எடுக்கலாமா?

அது ஆப்பிரிக்காவின் நமீப் பாலைவனத்துப் பல்லி. விரல்களுக்கு இடையே சவ்வு உள்ளது. 2021-இல் அதன் ஒளிர்வு பற்றி ஆய்வுக் கட்டுரை வந்தது. அரேபியாவிலும் சவ்வு விரல் பல்லி ஒன்று இரவில் வரும். அது வேறு இனம். சாதாரண டார்ச்சைப் பக்கவாட்டில், குறைந்த வெளிச்சத்தில் பிடியுங்கள். கண்ணாடி போன்ற அதன் தோல் தானே ஒளி வாங்கிக்கொள்ளும். நேரே கண்ணில் அடிக்காதீர்கள், கண்ணை மூட அதற்கு இமை கிடையாது.

ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் ஓடாமல் நிற்கும் என்கிறார்களே?

செய்பவர்கள் இருக்கிறார்கள். படத்தைப் பார்த்தாலே தெரியும்: கண்ணில் உயிர் இருக்காது, கால்கள் ரப்பர் பொம்மை மாதிரி கிடக்கும். பொந்தில் தண்ணீர் ஊற்றி வெளியே வரவைப்பதும் இதே ரகம். தப்-பை உணவுக்காகப் பிடிக்கிறவர்களின் உத்தி அது. தப் ஏற்கெனவே உலக அளவில் அழியக்கூடிய நிலையில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. இந்தக் கேள்வியை இதோடு விடுகிறேன்.

படுத்து எடுக்கிறீர்களே, பாம்பு தேள் பயமில்லையா? (வீட்டுக்காரி கேட்கச் சொன்னாள்)

அவர் கேட்டது சரி. கொம்பு விரியனும் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும், நாம் ரசித்த அதே தந்திரம். படுக்கும் இடத்தை முதலில் குச்சியால் தட்டிப் பாருங்கள், புதர் அடியில் கை வைக்காதீர்கள், மூடிய ஷூ போடுங்கள். தனியாகப் போகாதீர்கள். வேலி போட்ட காப்பகங்களுக்குள் நுழையவும் வேண்டாம். 225 சதுர கிலோமீட்டர் துபாய் பாலைவனக் காப்பகம் போன்ற இடங்களுக்கு அனுமதி பெற்ற சுற்றுலா நிறுவனங்கள் வழியாகத்தான் போக முடியும்.

நீல ஓணான் படத்தில் கலர் கூட்டியிருக்கிறீர்களா?

இல்லை, சத்தியமாக! மஞ்சள்புள்ளி ஓணானில் ஆண் கிளர்ச்சியில் இருக்கும்போது தொண்டையும் உடம்பும் நீலமாகும், வால் ஆரஞ்சு. அது உட்கார்ந்திருந்தது காஃப் மரம். நம் ஊர் வன்னி மரமேதான், விருத்தாசலம் கோயிலில் தல விருட்சமாக நிற்கிறதே அதே இனம். நான் கலரைக் கொஞ்சம் குறைத்துத்தான் வைத்தேன், இல்லையென்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

திருச்செந்தூர் பக்கம் இருக்கிறேன். வளைகுடாவுக்கு வர வழியில்லை. இங்கே என்ன எடுக்கலாம்?

ராஜஸ்தான் போக முடிந்தால் தார் பாலைவனத்தில் இந்திய முள்வால் ஓணான் இருக்கிறது. ஆனால் அவ்வளவு தூரம் எதற்கு? தென் தமிழ்நாட்டு வறண்ட வெளிகளில் விசிறித்தொண்டை ஓணான் உண்டு. 2016-இல் அதில் ஒரு இனத்துக்கு அறிவியல் பெயரே சித்தானா விசிறி என்று வைத்தார்கள், நம் பனையோலை விசிறிதான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கல்மேல் ஏறி நின்று தொண்டையை விரிக்கும். எதிர் வெயிலில் எடுத்தால் அந்தத் தொண்டை விளக்கு மாதிரி எரியும். உங்கள் பக்கத்துத் தேரி மணல்மேடுகளின் செம்மணலில் காலையிலேயே போய்த் தேடிப் பாருங்கள், கிடைத்தால் எனக்கும் அனுப்புங்கள்.

பிரிண்ட் போட்டு மாட்ட எந்த அளவு சரி?

24 மெகாபிக்சல் என்றால் 20-க்கு 13 அங்குலம் வரை கவலையே வேண்டாம். பளபளப்புத் தாள் வேண்டாம், மணலுக்கு மேட் தாள்தான் ஒத்துவரும். சட்டம் முழுக்க ஓணானே நிறையும்படி படத்தை வெட்டாதீர்கள், முக்கால் பங்கு மணலாகவே இருக்கட்டும். என் அம்மா முதலில் "ஓணானை எவனாவது ஹாலில் மாட்டுவானா?" என்று கேட்டார். இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் அதன் மூக்கு உப்பைக் காட்டிக் கதை சொல்வது அவர்தான்.