பழைய கோப்ரா 29 சிபி ரேடியோவில் (வண்டியில் வைத்துப் பேசும் குறுந்தொலைவு ரேடியோ) என் குரல் கம்மியாகவும் தகரச் சத்தமாகவும் போகிறது என்கிறார்கள். லிமிட்டரை வெட்டிவிடச் சொல்லும் ஒரு வீடியோ பார்த்தேன், அப்படிச் செய்தால் சரியாகுமா?

வெட்டாதீர்கள். நீங்கள் பார்த்த வீடியோவில் ஏஎம்சி (குரல் அளவு மீறாமல் தானாக அமுக்கும் சுற்று, லிமிட்டர் என்பதும் இதுதான்) டிரான்சிஸ்டரைக் கத்தரித்ததும் மீட்டர் முள் எகிறுவதைக் காட்டியிருப்பார்கள். எகிறும், சத்தமும் கூடும், ஆனால் நீங்கள் பேசுவது தெளிவாகப் புரியாது, பக்கத்துச் சேனல்காரருக்கும் உங்கள் தொல்லை போய்ச் சேரும்.

காரணம் இதுதான். அமெரிக்காவில் சிபி என்பது 26.965 முதல் 27.405 மெகாஹெர்ட்ஸ் வரை 40 சேனல்கள், ஏஎம்மில் கேரியர், அதாவது குரலைச் சுமக்கும் அலை, 4 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. குரல் அந்தக் கேரியரை ஏற்றி இறக்குகிறது, இதுதான் மாடுலேஷன். நூறு சதவீத மாடுலேஷனில் உச்சியில் 16 வாட் வரும், பள்ளத்தில் சரியாகப் பூஜ்யத்தைத் தொடும். பூஜ்யத்துக்குக் கீழே போக இடமில்லை அல்லவா, அதற்கு மேலும் குரலைத் திணித்தால் அந்த இடத்தில் அலை வெட்டுப்பட்டு, அந்த வெட்டு இரண்டு பக்கமும் சிதறலாகப் பரவுகிறது. சேனல்களுக்கு நடுவே பெரும்பாலும் 10 கிலோஹெர்ட்ஸ்தான் இடைவெளி. லிமிட்டர் இருப்பதே இதைத் தடுக்கத்தான். எஃப்சிசி (அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம்) சான்று பெற்ற பெட்டியின் டிரான்ஸ்மிட்டர் சுற்றை இப்படி மாற்றினால் சான்றும் செல்லாது.

சரி, என்ன செய்யலாம்? பெட்டியைத் திறக்கும் முன் வெளியே பாருங்கள்.

மைக்கில் தொடங்குங்கள். கோப்ராவோடு வந்த மைக் டைனமிக் வகை, பல வருடம் வண்டியில் வெயிலில் கிடந்திருந்தால் உள்ளே இருக்கும் எலிமெண்ட் தளர்ந்திருக்கலாம், சுருள் ஒயரில் இழை அறுந்திருக்கலாம். அதே 4 முனை இணைப்புள்ள நல்ல மைக் ஒன்றை யாரிடமாவது வாங்கி மாட்டிப் பார்த்தால் பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சத்தம் நீக்கும் மைக் என்றால் அதன் பின்பக்கத் துளையைக் கைக்குள் பொத்திப் பிடிக்காதீர்கள், எஞ்சின் இரைச்சலைக் கழிப்பதே அந்தத் துளைதான். வாயிலிருந்து மூன்று நான்கு விரல்கடை தள்ளி, சற்றுச் சாய்த்துப் பேசுங்கள். உள்ளேயே பெருக்கி வைத்த பவர் மைக்கை நான் வண்டிக்குச் சொல்லவே மாட்டேன். அதைக் கூட்டி வைத்தால் ஏஎம்சி உங்கள் குரலை அமுக்கும், நீங்கள் மூச்சு வாங்கும் இடைவெளியில் விட்டுவிடும், அப்போது எஞ்சின் சத்தம் மேலே எழும்பி வரும், கேட்பவருக்கு அது பெரிய எரிச்சல். (டி-104 மேசை மைக்கின் கணீர் குரல் எனக்கும் மிகவும் பிடிக்கும். ஆனால் பழைய டி-104 கிரிஸ்டல் எலிமெண்டுக்கு வெயிலும் ஈரமும் ஆகாது, அது வீட்டு மேசைக்கானது.)

அடுத்தது மின்சாரம். ஏஎம் ரேடியோவில் குரலின் உச்சிக்கு வேண்டிய வலு நேராக சப்ளையிலிருந்துதான் வருகிறது. 13.8 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டிலிருந்து மெல்லிய ஒயரில் எடுத்து, பேசும்போது 12-க்குக் கீழே இறங்கினால் உச்சி தானாகவே மழுங்கும். பேட்டரியிலிருந்தே தடித்த ஒயரில், பேட்டரி ஓரத்தில் ஃபியூஸ் போட்டு எடுங்கள். ஆல்டர்னேட்டர் விசில் இருந்தால் அதுவும் பெரும்பாலும் இதிலேயே அடங்கும்.

இதற்குப் பிறகும் தகரச் சத்தம் போகவில்லை என்றால், என் சந்தேகம் முழுக்க மைக் ஆம்ப்ளிஃபையரில் இருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் மேல். பழைய பெட்டிகளில் இவை உலர்ந்து மதிப்பு இறங்கிவிடும். உதாரணத்துக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸுக்கு முன்னால் இருக்கும் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், கிட்டத்தட்ட 160 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாவற்றையும் விடும். அதுவே உலர்ந்து 0.1 ஆகிவிட்டால் வெட்டு 1600 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். குரலின் உடம்பே போய், மேல் சுருதி மட்டும் மிஞ்சும். அதே மதிப்பில் புதியது போட்டு பத்தவையுங்கள், இது பழுதுபார்ப்பு, சுற்றை மாற்றுவது அல்ல. பேஸ் வேண்டும் என்று பத்து மடங்கு பெரியதாகப் போடச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். பேச்சு புரிவதற்கு வேண்டியது ஏறக்குறைய 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரைதான், அதற்குக் கீழே உள்ள உறுமல் மாடுலேஷனைத் தின்றுவிட்டு எதையும் சொல்லாது.

ஏஎம்சி அளவை வைக்கும் உள் திருகான பிரீசெட்டைத் தொடுவதாக இருந்தால், ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் டம்மி லோடும் அலையின் வடிவத்தைத் திரையில் காட்டும் ஆஸிலோஸ்கோப்பும் வைத்திருப்பவரிடம் கொண்டு போங்கள். குரலின் உச்சியிலும் பள்ளம் தட்டையாகாமல், 90 சதவீதத்தை ஒட்டி நின்றால் போதும். காதை நம்பி திருப்பும் வேலை இல்லை இது.

முன்னும் பின்னும் ஒப்பிட, கணினியில் செருகி மென்பொருளால் கேட்கும் மலிவான யூஎஸ்பி எஸ்டிஆர் ரிசீவர் 27 மெகாஹெர்ட்ஸை நன்றாகவே எடுக்கும். டம்மி லோடு மாட்டி, எஸ்டிஆரின் ஆன்டெனாவைக் கழற்றி வைத்து, அதே வாக்கியத்தைப் பேசிப் பதிவு செய்யுங்கள். அதில் தெளிவாக இருந்து, நிஜ ஆன்டெனாவில் மட்டும் குரல் கரகரத்தால் எஸ்டபிள்யூஆரைப் (ஆன்டெனா எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்பதன் அளவு) பாருங்கள், ஆர்எஃப், அதாவது ரேடியோ அலையின் சக்தி, திரும்ப வந்து மைக்கில் ஏறுகிறது என்று அர்த்தம்.

இப்போது சப்ளை எங்கிருந்து எடுத்திருக்கிறீர்கள், பேசும்போது ரேடியோ பக்கம் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று கமெண்டில் போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.